தாங்க முடிகிறதே என்று விட்ட வலி

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் சையது ஆல்வி சாலைக் கடைகளில் ஊருக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வைக்கிற பொருள்களில் இரண்டு, கோடாலித் தைலமும் டைகர் பாமும். இரண்டும் சிங்கப்பூர்ச் சரக்கு. கோடாலித் தைல நிறுவனம் 1928-இல் இங்கே தொடங்கப்பட்டது. டைகர் பாம்காரர் ஆவ் பூன் ஹா ரங்கூனிலிருந்து 1926-இல் இங்கே வந்து கடை விரித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்கும் ராமநாதபுரத்துப் பக்கத்துக்கும் முட்டிவலிக்கும் தலைவலிக்கும் தைலம் அனுப்பிய ஊர் இது. அந்தக் கடை அலமாரியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஃபேரர் பார்க் தனியார் மருத்துவமனை இருக்கிறது. புக்கிட் தீமா சாலைக்கு வந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. சிராங்கூன் சாலையிலேயே வடக்கே போனால் காலாங் பலதுறை மருந்தகம். கொஞ்சம் தள்ளி நொவீனாவில் டான் டோக் செங். இத்தனை பக்கத்தில் இருந்தும், தைலப் புட்டியை விட்டு மருத்துவரின் எதிர் நாற்காலிக்கு வந்து சேரப் பலருக்கு வருஷக்கணக்காகிறது. பணமும் நேரமும் காரணம்தான். அவற்றைவிடப் பெரிய காரணம் நாம் வலியை அளக்கிற முறை. “தாங்க முடியுதா?” என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம், முடிகிறது என்றால் விட்டுவிடுகிறோம். நிபுணரிடம் போக வேண்டுமா என்று முடிவு செய்ய இதைவிட உதவாத கேள்வி கிடையாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

கடுமையை வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. கௌட் வந்து கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கும்போது போர்வை பட்டால்கூட உயிர் போகும். ஆனால் அதைப் பெரும்பாலும் வழக்கமான குடும்ப மருத்துவரே சரிசெய்துவிடுவார், யூரிக் அமிலத்தைத் தொடர்ந்து கட்டுக்குள் வைத்தால் போதும். இன்னொரு பக்கம், இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவருக்குக் காலையில் எழுந்ததும் அடிமுதுகு அரைமணி நேரத்துக்கு மேல் கட்டை போல் இருக்கிறது; நடமாடினால் விட்டுவிடுகிறது, படுத்தால் பின்னிரவில் திரும்ப வருகிறது. கேட்டால் “லேசான வலிதான்” என்பார். இந்த லேசான வலிதான் மூட்டுவாத நிபுணர் பார்க்க வேண்டியது. முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை நோய்கள் நாற்பத்தைந்து வயதுக்குள் இப்படித்தான் சத்தமில்லாமல் தொடங்கும். ஓய்வெடுத்தால் குறைகிற சாதாரண முதுகுவலிக்கும், ஓய்வெடுத்தால் கூடுகிற இந்த வலிக்கும் வேறுபாடு தெரியாமல், நோய் கண்டுபிடிக்கப்படச் சராசரியாக ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதற்குள் சிலருக்கு முதுகெலும்பு இறுகத் தொடங்கிவிடும். விரல் மூட்டுகள் காலையில் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போகிற முடக்குவாதத்துக்கும் இதே கதைதான். அதில் முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்குவதற்கும் இரண்டு வருஷம் கழித்துத் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு பிற்பாடு கையில் தெரியும்.

எந்த வலிக்கும் காத்திருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. காத்திருக்கவே கூடாத சில உண்டு. அவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் அடங்காமல் போவது, இருக்கையில் உட்காரும்போது படுகிற இடமெல்லாம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவை தண்டுவடத்தின் அடி நரம்புக்கற்றை நசுங்குவதன் அடையாளங்கள். இதற்கு நிபுணரின் தேதிக்குக் காத்திருக்க முடியாது. அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, முன்பு புற்றுநோய் வந்து குணமானவருக்குப் புதிதாக வரும் எலும்புவலி, காரணமில்லாமல் உடம்பு இளைத்துக்கொண்டே வரும் வலி, ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தொடங்கி, தலை சீவினாலும் மெல்லும்போதும் வலிக்கிற தலைவலி இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது நல்லது. அக்கி எழுதிக்கொண்டு ஒரு வாரம் கழித்து வருகிற பெரியவர்களுக்குக் கொப்புளம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் எரிகிற நரம்புவலி தங்கிவிடும் ஆபத்து அதிகம்.

மீதமுள்ளவைதான் உண்மையான குழப்பம்: உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகவும் மாட்டேன் என்கிற வலிகள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது மூன்று மாதத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தால், அதை நாட்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. வேறு நோயின் அறிகுறியாக இல்லாமல், வலியே நோயாக இருக்கிற நிலைக்கும் அதில் பெயர் உண்டு. ஏன் மூன்று மாதம்? கிழிந்த தசையும் சுளுக்கிய தசைநாரும் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடுகின்றன. அதற்குப் பிறகும் வலித்தால், வலியை ஏற்றிச் செல்லும் நரம்பமைப்பே மாறியிருக்கலாம். தண்டுவடத்தில் வலிச் செய்தியைத் தடுக்கவும் கூட்டவும் ஒரு வாசல் இருப்பதாக மெல்சாக்கும் வாலும் 1965-இல் சொன்னார்கள். அடிபட்ட பிறகு தண்டுவட நரம்பணுக்களே கூர்மைப்பட்டுவிடுவதை 1983-இல் கிளிஃபர்ட் வுல்ஃப் காட்டினார். ஒருமுறை திருடன் புகுந்த வீட்டு நாய் பிறகு பால்காரரைக் கண்டாலும் குரைக்கும். கூர்மைப்பட்ட நரம்பும் அப்படித்தான், தொடுதலையும் வலி என்று சொல்லும். வலி பொய்யில்லை, ஆனால் வலிக்கிற இடத்தில் காயம் இருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. சிங்கப்பூரில் பெரியவர்களிடம் எடுத்து 2009-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, 8.7 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட வலி இருப்பதாகக் கண்டது. பன்னிரண்டு பேர் நிற்கிற ஒரு பேருந்து வரிசையில் ஒருவர்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? வலி வந்த பிறகு வாழ்க்கையில் எது குறைந்தது, எது கூடியது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. மாடிப்படியை விட்டு மின்தூக்கிக்கு மாறியாயிற்றா, தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குவதை நிறுத்தி யாரையாவது அனுப்புகிறோமா, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, கோயிலில் விழுந்து கும்பிடுவது எப்போது நின்றது, தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, எம்சி என்கிற மருத்துவ விடுப்பு எத்தனை நாள் எடுத்தாயிற்று என்பவையெல்லாம் எண்ணிச் சொல்லக்கூடிய விஷயங்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் ஒருவர் நாலு என்பார், அதே உடம்புக்கு இன்னொருவர் ஒன்பது என்பார். ஆறு மாதம் முன்பு பத்து நிமிடம் நடந்தவர் இன்றைக்கு நாலு நிமிடத்தில் நின்றுவிடுகிறார் என்பதில் அந்தத் தகராறு கிடையாது.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இதே வழியில் போகிறது. முதுகுவலிக்காரர்களிடம் அதில் வலியின் தொந்தரவு பற்றி ஒரே ஒரு கேள்விதான். மற்றவை வேறு: வலி காலுக்கு இறங்குகிறதா, தோள் கழுத்திலும் உண்டா, குறைந்த தூரமே நடக்கிறீர்களா, உடை மாற்ற நேரம் எடுக்கிறதா, இப்படியிருக்கும்போது உடம்பை அசைப்பது ஆபத்து என்று நினைக்கிறீர்களா, இது இனி தீரவே தீராது என்று தோன்றுகிறதா. பதில்களை வைத்து, யாருக்கு ஆறுதலும் அறிவுரையும் போதும், யாருக்கு இயன்முறைச் சிகிச்சை வேண்டும், யாருக்கு உளவியலும் சேர்ந்த தீவிரமான உதவி வேண்டும் என்று பிரிக்கிறார்கள். 851 பேரிடம் சோதித்து 2011-இல் வெளியான முடிவில் இந்த முறை பலன் தந்ததோடு செலவையும் குறைத்தது. அமெரிக்காவில் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படிவத்தை நிரப்பியதும் அங்கே மருத்துவர்கள் சிகிச்சையை அவ்வளவாக மாற்றவில்லை. படிவம் தானாக யாரையும் குணப்படுத்தாது. ஆனால் யாருடைய வலி நாட்பட்டுப் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், வலியின் கடுமையைவிடப் பயமும் முடக்கமும் நல்ல அடையாளங்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

எண்ண வேண்டிய இன்னொன்று மாத்திரை. வீட்டு நாள்காட்டியில் மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தால் மாதக் கடைசியில் விடை கண்முன் இருக்கும். தலைவலிக்குப் பாரசிட்டமால் போன்ற எளிய மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். கோடின் கலந்தவைக்கும் ஒற்றைத் தலைவலிக்கான தனி மருந்துகளுக்கும் 10 நாளே வரம்பு. இந்தச் சுழலில் விழுந்தவர்களுக்கு இன்னும் பலமான மாத்திரை உதவாது, நரம்பியல் நிபுணரின் துணையோடு மாத்திரையை விடுவதே சிகிச்சை. பெரியவர்களுக்குப் பாரசிட்டமாலின் உச்ச அளவு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. பனடோலோடு கூடவே சளி மாத்திரையும் போடுகிறவர்கள் அதிலும் பாரசிட்டமால் இருப்பதைக் கவனிப்பதில்லை. இபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் வகையறா இன்னும் சிக்கல்: ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுக்கிறவர்களின் சிறுநீரகத்தை அவை மெல்லப் பதம்பார்க்கும். வலி கூடாமலே இருக்கலாம். புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் அதுவே போக வேண்டிய நேரம்.

நீரிழிவைத் தொட்டதால் நம் சமூகத்துக்கென்றே ஒன்று. 2010-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7. நீரிழிவு நரம்பைத் தாக்கும்போது முதலில் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்கிற உணர்வு, இரவில் போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்கொள்ளத் தோன்றுகிற தவிப்பு. இதை வயசு வலி என்று தைலம் தேய்க்கிறவர்கள் ஏராளம். பலதுறை மருந்தகத்தின் பாதப் பரிசோதனையில் தாதி ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் வளையும்வரை ஊன்றுவார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. எங்கே பட்டது என்று சொல்லத் தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் காப்புணர்வு போய்விட்டது. எரிகிற கால்தான் முள் குத்தியதையும் உணராத கால். இதற்கு நேராக நிபுணரிடம் ஓட வேண்டியதில்லை. பலகாலம் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் சைவ உணவுக்காரர்களுக்கு, பி12 சத்துக் குறைந்தும் இதே எரிச்சல் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும், ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகும். நரம்புவலிக்குப் பாரசிட்டமால் பெரும்பாலும் எடுபடாது. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், காபாபென்டின் போன்றவற்றைத் தருவார்கள். மனச்சோர்வுக்கான மருந்து என்று உறையில் படித்துவிட்டு முதல் இரண்டைக் குப்பையில் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்: நரம்புவலிக்குக் கொடுக்கப்படும்போது அவை வேறு வேலை செய்கின்றன. இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் சாப்பிட்டும் தூக்கம் திரும்பவில்லை என்றால் அப்போது வலிச் சிகிச்சை மருந்தகத்துக்குக் கடிதம் கேட்கலாம்.

இங்கே வழக்கமான மறுப்பு ஒன்று எழும். இத்தனை கேள்வி எதற்கு, ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே? நாலு காசு சேர்த்தவர்கள் நேரே தனியார் எலும்பு நிபுணரிடம் போவதும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைத் திரட்டி 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு வட்டுத் தேய்மானம், எண்பது வயதில் 96 விழுக்காடு. வட்டு பிதுங்கியிருப்பது இருபதில் 30, எண்பதில் 84. இவர்களில் யாருக்கும் வலியில்லை. ஆகவே, “எல்4, எல்5-இல் பல்ஜ் இருக்கு” என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்நாள் நோயாளியானவர்களில் பலருக்கு, அந்தப் படம் வலிக்குக் காரணத்தைச் சொல்லவே இல்லை. நாற்பது வயது முதுகு எப்படியிருக்கும் என்று மட்டும் சொன்னது. முன்சொன்ன ஆபத்து அடையாளங்கள் இருந்தாலோ, காலில் வலு குறைந்தாலோ, அறுவை செய்வதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தாலோ ஸ்கேன் அவசியம். மற்றபடி முதல் ஆறு வாரத்தில் எடுக்கும் படம் உதவுவதைவிடப் பயமுறுத்துவதே அதிகம். பெரும்பாலான முதுகுப் பிடிப்புகள் அந்த ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும் என்பதால், அவசரப்பட்டு நிபுணரிடம் ஓடுவதும் நல்லதில்லை என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆறு வாரம் ஆறு மாதமாகி, ஆறு மாதம் ஆறு வருஷமாகும்போதுதான் அந்த வாதம் தன் நியாயத்தை இழக்கிறது.

எந்த நிபுணர் என்பதும் ஆளைச் சுற்ற வைக்கிற கேள்வி. மூட்டு வீக்கமும் காலை இறுக்கமும் மூட்டுவாத நிபுணருக்கு, தலைவலியும் கைகால் பலவீனமும் நரம்பியலுக்கு, தேய்ந்து வளைந்த முட்டி எலும்பு மருத்துவத்துக்கு. எல்லோரையும் பார்த்து, அறுவைக்கு ஒன்றுமில்லை என்று கைவிரிக்கப்பட்ட பிறகு வலிச் சிகிச்சை மருந்தகம் என்று ஒரு வரிசை நம் மனதில் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் டான் டோக் செங்கிலும் இத்தகைய பிரிவுகள் உள்ளன. அங்கே இருக்கும் மருத்துவர்களில் பெரும்பாலோர் மயக்கவியல் துறையிலிருந்து வந்தவர்கள். இயன்முறைச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோருடன் சேர்ந்து வேலை செய்வார்கள். கடைசிப் படியாக அதை வைத்திருப்பதால்தான், நரம்பு ஏற்கெனவே கூர்மைப்பட்டு, வேலை போய், நடை குறைந்து, தூக்கமாத்திரைக்குப் பழகிய பிறகு ஆட்கள் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

பெண்களின் கதையில் தாமதம் இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கிறது. மாதவிலக்கு வலிக்கு “பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்” என்று அம்மாவும் பாட்டியும் சொல்லிவிட்டால் அந்த வலிக்கு வீட்டில் அதற்குமேல் மதிப்பில்லை. கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினரைப் பாதிப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் போவது, தாம்பத்திய உறவில் வலி, மலம் கழிக்கையில் வலி, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மகளிர் நோய் நிபுணரைக் கேட்பது நியாயம். சவ்வு கீழ்வயிற்றில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் வலியின் அளவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பது இந்த நோயின் விசித்திரம். கடுமையை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

வழி எது என்பதில் சிங்கப்பூருக்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. பொது மருத்துவமனையின் சிறப்பு வெளிநோயாளி மருந்தகத்தில் அரசாங்க மானியத்தோடு பார்க்க வேண்டுமானால் பலதுறை மருந்தகமோ, சாஸ் என்கிற மருத்துவ மானிய அட்டையை ஏற்கும் தனியார் மருந்தகமோ கடிதம் தர வேண்டும். நாமாகவே நிபுணரிடம் போய் நின்றால் தனியார் நோயாளிக் கட்டணம். குறைந்த வருமானக் குடிமக்களுக்கு மானியம் 70 விழுக்காடு வரை போகும் என்பதால் இந்த ஒரு கடிதத்தின் பெறுமானம் பெரிது. “கடிதத்தோடு போனால் மாதக்கணக்கில் காத்திருக்கணும்” என்று சலித்துக்கொள்கிறவர்களை மறுக்க முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் காத்திருப்பை நீட்டுவதில் நம் பங்கும் உண்டு. வலி வரும்போதெல்லாம் கைக்கு அகப்பட்ட மருந்தகத்தில் நுழைந்து, ஒரு வாரத்து மாத்திரையும் இரண்டு நாள் எம்சியும் வாங்கிக்கொண்டு போவது இங்கே சர்வ சாதாரணம். ஒவ்வொரு மருத்துவருக்கும் அது புது வலி. ஆறாவது மருத்துவரும் முதலாமவர் கொடுத்த அதே மாத்திரையைத்தான் கொடுப்பார். ஐந்து மாதம் ஓடியது அவருக்குத் தெரியாது. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் நாற்பது வயதைக் கடந்தவர்களை ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யச் சொல்கிறது. அதன் பேச்சு முழுவதும் நீரிழிவு, ரத்த அழுத்தம், தடுப்பூசி பற்றித்தான் என்றாலும், நாட்பட்ட வலிக்காரருக்கே அதனால் லாபம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முழுக்கதையும் ஒருவரிடம் இருந்தால்தான் எப்போது கடிதம் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வழியே திறக்காதவர்கள் ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியாவை நிறைக்கிறவர்கள்தான். வெளிநாட்டு ஊழியர்களுக்குப் பொது மருத்துவமனையில் மானியம் இல்லை. 2022 ஏப்ரலில் வந்த அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தில், விடுதியில் தங்குகிறவர்களும் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வேலை செய்கிறவர்களும் மருத்துவ நிலையத்தில் 5 வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். நிபுணரைப் பார்ப்பது அதில் சேராது. அந்தச் செலவுக்கு முதலாளியின் சம்மதக் கடிதம் தேவைப்படும். சட்டப்படி ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்றாலும், முதுகுவலி என்று வாயைத் திறந்தால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை என்று யாரும் சொல்லிவிட முடியாது. “பொறுத்துக்க தம்பி, பர்மிட் முடியட்டும்” என்று மூத்த ஊழியர் சொல்லும் புத்தியில் அனுபவம் இருக்கிறது. அதில் ஒரு கண்ணியும் இருக்கிறது: வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைக்க விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் வேலையில் நடந்தது என்பது தெரிய வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து வேலைக் காயத்துக்காக ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலேசான வேலையோ கொடுத்தால்கூட முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும். ஆகவே முதல் நாள், முதல் மருத்துவரிடமே, “வெள்ளிக்கிழமை காலையில் கம்பி தூக்கும்போது பிடித்தது” என்று சொல்லி எழுத வைப்பதே பின்னால் நிபுணரைப் பார்ப்பதற்கான பாதி வழி. சும்மா “முதுகு வலி” என்று மட்டும் பதிவானால் எட்டு மாதம் கழித்து அதை மாற்றுவது கடினம். 2006-இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பும், 2008 முதல் கஃப் சாலைத் திட்டம் என்ற பெயரில் காயம்பட்டு வேலையில்லாமல் நிற்கும் ஊழியர்களுக்குச் சாப்பாடு போட்டு வரும் டிடபிள்யூசி2-வும் இதில் வழிகாட்டக்கூடியவை.

கடைசியாகக் கேட்கப்படுவது: வலி நிபுணரிடம் போனால் மட்டும் தீர்ந்துவிடுமா? பலருக்கு முழுதாகத் தீராது, அதை மறைத்து யாரையும் அனுப்பக் கூடாது. நாட்பட்ட முதுகுவலிக்குப் பல துறையினர் சேர்ந்து தரும் சிகிச்சை பற்றிய 41 சோதனைகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட வலியும் முடக்கமும் குறைந்தன. ஆனால் நடுத்தர அளவில்தான். வேலைக்குத் திரும்புவதில் வெறும் உடற்சிகிச்சையைவிடப் பலன் கூடுதல். 2021 ஏப்ரலில் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, வலியே நோயாக இருப்பவர்களுக்குப் பாரசிட்டமாலோ இபுபுரோஃபன் வகையோ ஓபியாய்டோ புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும், உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, சிலருக்கு அக்குபங்சர், சிலருக்கு மனச்சோர்வு மருந்து ஆகியவற்றைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. உளவியலாளர் என்றதும் “எனக்கென்ன பைத்தியமா?” என்று எழுந்து வருகிறவர்கள் உண்டு. வலி மூளையில் உணரப்படுவதால்தான் அவர் அந்த அறையில் இருக்கிறார். அவருடைய வேலை, அசைந்தால் ஒடிந்துவிடும் என்ற பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுவது. பாரம்பரியச் சீன மருத்துவம் பார்ப்பவர்கள் இங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றுத் தொழில் செய்கிறவர்கள் என்பதால் அக்குபங்சரை நம்பி முயலலாம். எச்சரிக்கை வேண்டியது பெயர் ஒட்டாத மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும். இரண்டே நாளில் பத்து வருஷ முட்டிவலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இப்படிப்பட்ட சரக்குகளைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கை விடுக்கிறது. பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டிவிட்டு மெல்லக் குறைக்க வேண்டும்.

கடிதம் கிடைத்துத் தேதிக்குக் காத்திருக்கிற மாதங்களில் செய்யக்கூடியது, முன்சொன்ன நாள்காட்டிப் புள்ளிகளோடு எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, எந்த மருந்து எத்தனை வாரம் சாப்பிட்டு ஏன் விட்டோம் என்று ஒரு தாளில் எழுதி வைப்பது. நிபுணர் நம்மோடு இருக்கப் போவது சில நிமிடங்கள்தான். அதில் பாதி இந்த வரலாற்றைத் துருவுவதிலேயே போய்விடும், தாள் இருந்தால் அது மிச்சம். பழைய ஸ்கேன் படங்களையும், ஆயுர்வேத லேகியம் வரை உட்கொள்கிற எல்லாவற்றையும் கொண்டு போக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கால் இழுக்கத் தொடங்கினாலோ கைப்பிடி தளர்ந்தாலோ தேதி வரட்டும் என்று இருக்காமல், கடிதம் தந்த மருத்துவரிடமே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். நிலைமை மாறிவிட்டது என்று அவர் எழுதினால் தேதியை முன்னால் இழுக்க வாய்ப்புண்டு. நாம் தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் காலி இல்லை என்ற பதில்தான் வரும்.